என்கோடருக்கு வைத்த பொட்டு

சுற்றும் பொருள்களைப் பற்றி என் வாழ்நாளில் பாதிக்கு மேல் பேசியிருக்கிறேன். சாவகச்சேரியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில், கிடுகுக் கூரை போய்த் தகரக் கூரை வந்து, தகரத்தின் கீழ் மின்விசிறியும் வந்து சேர்ந்த காலம் வரைக்கும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்தேன். கோண வேகம், கோண ஆர்முடுகல், சடத்துவத் திருப்பம் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கரும்பலகையில் நான் வரைந்த சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பனை உயரம் வரும். உண்மையில் என் கையால் சுற்றிய ஒரே சில்லு என் சைக்கிளின் சில்லு. அதன் செயின் கழன்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன்.

வகுப்பை விட்ட பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், புத்தூர்த் தோட்டக் காணியின் ஓரத்தில், முன்பு வெங்காயம் கட்டித் தூக்கிய கொட்டிலில் மச்சான் ஒரு பட்டறை நடத்துகிறான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தோட்டக்காரர்களின் நீர்ப்பம்பிக்குத் தண்டு கடைவது, உடைந்த உழவு இயந்திரத்துக்கு ஆணி செய்வது என்று அவனுக்கு எப்போதும் வேலை இருக்கும். காலையில் தேநீர்க் கோப்பையோடு அங்கே போய்க் குந்துவேன். குந்தினால் சும்மா இருக்க மாட்டேன், விளக்கம் சொல்வேன். எதைக் கண்டாலும் விளக்கம் சொல்வது எனக்கு ஒரு வியாதி. என் மனைவி அதைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"தேத்தண்ணி ஏன் ஆறுது எண்டு இவர் விளக்கி முடிக்கிறதுக்கிடையிலை தேத்தண்ணி ஆறிப்போம்."

மச்சானிடம் ஒரு பழைய லேத் இருந்தது. இரும்பைப் பிடித்துச் சுற்றவிட்டு உளியால் சீவும் இயந்திரம் அது. இரும்பைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பாகத்துக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதில் ஆணியைச் சுற்றி ஓடும் திருகு வரியை, அதாவது புரியை, வெட்டுவதென்றால் ஸ்பிண்டில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது உளி சரியாக ஒரு புரியின் அகலம் நகர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பழைய லேத்தில் இதைப் பற்சில்லுகள் பார்த்துக்கொண்டன. ஒன்றோடு ஒன்று கடித்துக்கொண்டு நின்றதால் அவை பிழை விட வழியே இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வகைப் புரிக்கும் மச்சான் பற்சில்லுகளை மாற்றிப் பூட்ட வேண்டும். அவன் எண்ணெய்க் கையோடு அரை நாள் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த ஒன்றைத் திருத்த வேண்டும் என்று படித்தவனுக்குத் தோன்றினால் அந்த இடத்தில் விளங்கினமாதிரித்தான்.

பற்சில்லுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். உளியை நகர்த்தத் தனி மோட்டார் பூட்டி, அதை ஆட்டுவிக்க ஒரு பழைய கணினியையும் வைத்தேன். இப்போது ஸ்பிண்டில் தன்பாட்டில் சுற்றும், உளி தன்பாட்டில் நகரும். இரண்டுக்கும் நடுவில் சேதி சொல்ல ஒருவர் வேண்டும். அவர்தான் என்கோடர்.

கொழும்பில் நல்ல என்கோடர் விற்கிறார்கள். தூசி புகாமல் அடைத்து, எண்ணெய் பட்டாலும் கெடாமல் செய்தது. நான் பௌதிகவியல் ஆசிரியன், வாங்குவேனா? மெல்லிய தகட்டில் வட்டமாய் ஒரு தட்டு வெட்டுவித்தேன். அதன் விளிம்பைச் சுற்றி சீப்புப் பற்களைப் போல நூறு வெட்டுகள். தட்டை ஸ்பிண்டிலின் பின்முனையில் பூட்டி, ஒரு பக்கம் சின்ன விளக்கும் மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் கண்ணும் வைத்தேன். வெட்டு வந்தால் கண்ணுக்கு வெளிச்சம், பல் வந்தால் இருட்டு. நூறு வெளிச்சம் எண்ணினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று முடித்துவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்தால் அது வேகம். இந்தக் கணத்தில் எத்தனையாவது வெட்டில் நிற்கிறது என்று பார்த்தால் அது நிலை. வேகமும் நிலையும் தெரிந்தால் உளி எங்கே நிற்க வேண்டும் என்று கணினிக்குத் தெரியும்.

அது வேலை செய்தது. உண்மையாகவே வேலை செய்தது. முதல் புரியை வெட்டி முடித்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. பம்பி திருத்த வந்த தோட்டக்காரர் ஒவ்வொருவரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் தட்டைக் காட்டினேன். மச்சான் மட்டும் ஒரு நாள் வெறும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அத்தான், உதை இந்தத் தட்டுக்கு மேலை கவிழ்த்துவிடுவம். தூசி விழாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் வாழ்நாள் சாதனைக்கு வனிலா டப்பாவா? மூடினால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் அதில் திருகாணி போட்டு வைத்தான்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அன்றைக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் துடைத்து, கழுவி, திருநீறு பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூப்போட்டு, அவலும் கடலையும் படைப்போம். அதன் பிறகு விசயதசமி வரை ஆயுதங்களுக்கு ஓய்வு. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தாள். குறடு, சுத்தியல், அரம், ஒட்டு இயந்திரம், மச்சானின் மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. லேத்தின் நெற்றியில், அதாவது முன்பக்கத் தகட்டில், ஒன்று வைத்துவிட்டு அப்பால் போகப் பார்த்தாள்.

"நில்லும்" என்றேன். "இந்த மிசினிலை முக்கியமான சாமான் அதில்லை. பின்னாலை வாரும்."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் என்கோடரைப் பற்றி அவளுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். பூசைக்கு வந்த அயலவர்களும் சேர்ந்து நின்றார்கள். இந்தத் தட்டு இல்லாவிட்டால் இந்த மிசின் குருடு என்று முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"அப்ப உதுக்கு நீங்களே வையுங்கோ. எனக்கு எங்கை வைக்கிறது எண்டு தெரியேல்லை."

எனக்குத் தெரிந்திருந்தது. தட்டின் நடுவில் ஸ்பிண்டிலின் ஓட்டை. பொட்டு வைக்க இடம் விளிம்புதான். பொட்டின் அளவைப் பற்றியும் எனக்குக் கருத்து இருந்தது. முக்கியமான சாமானுக்குச் சின்னப் பொட்டு வைத்தால் சரியில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைக்கச் சொன்னதும் நான்தான், வழிந்தால் அழகில்லை என்று. பெருவிரலில் நிறைய எடுத்து, விளிம்பில் வைத்து, நன்றாக அழுத்தி, நடுவில் குங்குமமும் வைத்தேன். எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

விசயதசமியன்று நல்ல நேரம் பார்த்து மச்சான் லேத்தைப் போட்டான். வேகத் திருகியை ஐந்நூறில் வைத்தான். திரையில் நானூற்று எண்பத்தைந்து என்று காட்டியது.

"அத்தான், முந்தி ஐந்நூறிலை வைச்சால் ஐந்நூறுதானே காட்டும்."

நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். இது மழைக் காலம் தொடங்குகிற நேரம். ஊரில் எல்லாரும் விளக்குப் போடுகிறார்கள். மின்சாரத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் தளரும். ஆகவே வேகம் குறைகிறது. கால் மணி நேரம் பேசியிருப்பேன். எல்லாம் பௌதிகவியலின்படி சரி. ஒன்றும் உண்மையில்லை. பேசி முடித்துவிட்டு, திரையில் ஐந்நூறு வரும் வரைக்கும் வேகத் திருகியை நானே முறுக்கிக் கூட்டினேன். எண் சரியாக வந்தது. அளக்கிற சாமான் பிழையாக இருக்கலாம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அதைச் செய்தவன் நானல்லவா?

அடுத்த கிழமை குருநகரிலிருந்து சம்மாட்டியார் வந்தார். சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்பவரைச் சம்மாட்டி என்பார்கள். அவரிடம் டீசல் எஞ்சின் பூட்டிய பெரிய வள்ளம் ஒன்று இருந்தது. அவருடைய மகள் யாழ்ப்பாணத்தில் நான் எடுத்த சனிக்கிழமை வகுப்பில் படித்தவள், பல்கலைக்கழகம் போனவள். என்னிடம் படித்ததால் போனாளா, என்னிடம் படித்தும் போனாளா என்பதைப் பற்றி நான் ஆராய்வதில்லை. அவர் ஆராயாமலே முடிவு செய்துவிட்டார். உப்புத் தின்று மெலிந்த பழைய தண்டொன்றைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டு அது.

"மாஸ்டர், வாடை தொடங்கப்போகுது. அதுக்கு முதல் நாலு நாளெண்டாலும் கடலுக்குப் போகவேணும். உதைப்போலை புதுச் சாப்ட் ஒண்டு வேணும். பட்டணத்திலை செய்யலாம்தான். உங்கடை கையாலை செய்தால் எனக்கு நம்பிக்கை."

தண்டின் நுனியில் புரி. அந்தப் புரியில் ஒரு பித்தளை நட்டு. அந்த நட்டுத்தான் புரொப்பெல்லரைத் தண்டோடு பிடித்து வைக்கிறது. அவர் நட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"முன்னுக்கு ஓடேக்கை பயமில்லை. புரொப்பெல்லர் தானாச் சாப்ட்டிலை இறுகி நிக்கும். பின்னுக்கு எடுக்கேக்கைதான் முழுப் பாரமும் இதிலை வரும். இது விட்டால் புரொப்பெல்லர் கடலுக்கை. பேந்து காத்தடிச்ச பக்கம் போகவேண்டியதுதான், நாங்களும் வள்ளமும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தண்டைக் கடைவது மச்சான். புரி வெட்டுவது நானும் கணினியும். வெட்டி முடித்தபோது புரி கண்ணாடி மாதிரி மினுங்கியது. சம்மாட்டியார் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். நட்டைப் போட்டேன். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிட்டது.

மச்சான் கிட்ட வந்தான்.

"அத்தான், ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

"என்னத்துக்கு? புதுப் புரி இறுக்கமாத்தான் இருக்கும். இறுக்கமா இருந்தால் நல்லதுதானே, கழராது."

எண்ணெய் விட்டேன். நீளக் கைப்பிடி போட்ட, நட்டு முடுக்கும் சாவியைக் கொளுவித் தொங்கினேன். நட்டு முனகிக்கொண்டு ஏறியது. கடைசி வரை ஏற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினேன். கழற்றியபோது நட்டுக்குள்ளிருந்து பித்தளைத் தூள் பொடிப்பொடியாக விழுந்தது. மச்சான் அதைப் பார்த்தான். நான் அவன் பார்த்ததைப் பார்த்தேன்.

"ஊத்தை" என்றேன். துணியால் துடைத்துவிட்டேன்.

சம்மாட்டியார் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் பின்னேரம் பூட்டியாயிற்று, விடிய முதல் கடலுக்குப் போகிறேன் என்று போனில் சொன்னார். "சந்தோசம் அண்ணை" என்றேன். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவருக்கு நீண்ட புரியோடு ஓர் ஆணி வெட்டினேன். அவர் கொண்டுவந்த நட்டும் மூன்று சுற்றுப் போய் நின்றது. இந்த முறை நான் சாவியைத் தேட முதல் மச்சான் ஆணியை என் கையிலிருந்து எடுத்துவிட்டான். கடையில் வாங்கிய ஆணியொன்றை அதனோடு சேர்த்து, பல்லோடு பல் பொருந்த வைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். இரண்டு சீப்புகளைக் கோர்த்த மாதிரி. முதல் பற்கள் பொருந்தின. போகப்போக விலகின. கடைசியில் பல்லின் மேல் பல் ஏறி நின்றது.

"இரும்பு வெட்டேக்கை சூடாகும்" என்று தொடங்கினேன். "ஆறேக்கை சுருங்கும். அதாலை..."

"அத்தான்" என்றான் மச்சான். "கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ."

என் வாழ்நாளில் என்னை வகுப்பெடுக்க வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் செய்த சாமான் சரியென்று காட்டுகிறேன் பார் என்று லேத்தின் பின்பக்கம் போனேன். மின்சாரத்தை நிறுத்தி, கணினியை எண்ண விட்டுவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். நூறு வர வேண்டும். தொண்ணூற்றேழு வந்தது. திரும்பச் சுற்றினேன். தொண்ணூற்றேழு. மூன்றாம் தரம் இன்னும் மெல்லச் சுற்றினேன். ஓரிடத்தில் தட்டு நகர்ந்தது, எண் நகரவில்லை. குனிந்து பார்த்தேன்.

அங்கே என் பொட்டு இருந்தது.

இரண்டு கிழமை சுற்றியும் ஒரு துகளும் உதிரவில்லை. சந்தனம் சீமெந்தாக இறுகி, மூன்று வெட்டுகளை ஒன்றாக அடைத்துக்கொண்டு, நடுவில் குங்குமத்தோடு வடிவாக இருந்தது. நூறு எண்ண வேண்டிய கண் தொண்ணூற்றேழு எண்ணிவிட்டு, ஸ்பிண்டில் இன்னும் சுற்று முடிக்கவில்லை என்று கணினிக்குச் சொல்லியிருக்கிறது. கணினி அதை நம்பி உளியைக் குறைவாக நகர்த்தியிருக்கிறது. ஒவ்வொரு புரியும் கொஞ்சம் கிட்டக் கிட்ட. மின்சாரம் நன்றாக இருந்தது. மழையும் நன்றாக இருந்தது. மிசினைக் குருடாக்கியது நான். அதுவும் இது இல்லாவிட்டால் மிசின் குருடு என்று ஊருக்கு வகுப்பெடுத்துவிட்டு.

மச்சான் பின்னால் வந்து நின்றான். பார்த்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் முகம் வேறு மாதிரி மாறியது.

"சம்மாட்டியாரின்ரை சாப்ட்" என்றான்.

துணியால் துடைத்த பித்தளைத் தூள் கண்ணுக்குள் வந்தது. அது ஊத்தையில்லை. நட்டின் புரி. புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதை நானே சாவியில் தொங்கி அரைத்துக் கொட்டியிருக்கிறேன். அவர் விடிய முதல் போயிருப்பார். போன் எடுத்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது.

புத்தூரிலிருந்து குருநகருக்கு மச்சானின் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன். வழியில் எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். பொட்டு வைத்ததால்தானே இந்தக் கோலம் என்று நான் நினைப்பதற்கு அவர்கள் யாரும் கோபிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். வாடை இலேசாக அடிக்கத் தொடங்கியிருந்தது. மரங்களின் இலை திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் வேகத்தைக் கூட்டினேன்.

இறங்குதுறையில் சம்மாட்டியாரின் மனைவி நின்றார். மீன் இறக்குவதற்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ மாஸ்டர்! உங்கடை சாப்ட்டைப் பற்றித்தான் ராத்திரி முழுக்கக் கதை. இந்தா வாற நேரம்தான். மீன் கொண்டு போங்கோ."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். வள்ளம் வந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் நட்டை மாற்றிவிடலாம். ஆனால் அவர் பெட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் அப்படி நிற்க முடியவில்லை. சொன்னேன். பொட்டிலிருந்து பித்தளைத் தூள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த மிகச் சிறிய விளக்கம் அதுதான்.

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்துக் கணவருக்கு அடித்தார். கிடைக்கவில்லை. பக்கத்தில் தொழிலுக்குப் போயிருந்த இன்னொரு வள்ளத்துக்கு அடித்தார். அவர்கள் முன்னமே திரும்பிவிட்டார்களாம், இவருடையதைக் காணவில்லையாம். போனை இடுப்பில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நட்டு இறுகேக்கை உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது அக்கா."

"தெரிஞ்சுமோ? விடை எழுதிப்போட்டுத் திருப்பிப் பாக்கவேணும், பாக்காமல் தாளைக் குடுக்கிறவன் விசரன் எண்டு என்ரை பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனீங்கள். வீட்டுச் சுவரிலை எழுதி ஒட்டி வைச்சவள்."

இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பயந்துபோய் நின்றேன் என்று சொல்வது குறைவு. அந்தப் பெண் ஒவ்வொரு தடவை கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்தைப் பார்க்கும்போதும், அவருடைய வீட்டை நான் என்ன செய்துவிட்டேன் என்ற நினைப்புத்தான் வந்தது.

வெயில் ஏறிய பிறகு அவர்தான் முதலில் கண்டார். "அந்தா" என்றார். நீல அணியம், வள்ளத்தின் முன்முனை, தெரிந்தது. வள்ளம் தன் எஞ்சினில் தானே வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணம்தான் மண்டையில் உறைத்தது. முன்னுக்கு ஓடும்போது பயமில்லை. துறைக்கு வந்து நிற்பாட்டுவதற்குப் பின்னுக்கு எடுப்பார்.

ஓடினேன். இறங்குதுறையின் நுனியில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக் கத்தினேன்.

"அண்ணை, பின்னுக்கு எடுக்காதேங்கோ! ரிவர்ஸ் போடாதேங்கோ!"

எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்டிராது. தன் தண்டைச் செய்த மாஸ்டர் தன்னை வரவேற்கக் குருநகர் வரைக்கும் வந்து துள்ளிக்கொண்டு நிற்பதை அவர் கண்டார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுந்து நின்று, தானும் கையை ஆட்டி, அழகாக வந்து, துறைக்குப் பக்கத்தில் பின்னுக்கு எடுத்தார்.

வள்ளத்தின் அடியில் கொடக் என்று ஒரு சத்தம். எஞ்சின் பாரம் விட்டு அலறியது. வள்ளம் நிற்காமல் வந்து துறையில் கட்டியிருந்த டயர்களில் மோதி, பக்கத்து வள்ளத்தையும் இடித்து, பாதி சுற்றி நின்றது. மீன் பெட்டியொன்று சரிந்து நண்டுகள் நாலாபக்கமும் ஓடின. சம்மாட்டியார் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையை இன்னும் இறக்காமல் என்னைப் பார்த்தார்.

நான் தண்ணீருக்குள் குதித்துவிட்டேன். யோசித்துக் குதிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீர், முழங்கால் வரை சேறு. நீளக் காற்சட்டை, மேற்சட்டைப் பையில் போன், கண்ணாடி எல்லாவற்றோடும் காலால் சேற்றைத் துழாவிக்கொண்டு திரிந்தேன். ஒரு செருப்புப் போயிற்று. துறையில் நின்றவர்கள் இடப்பக்கம் மாஸ்டர், வலப்பக்கம் மாஸ்டர் என்று வழி சொன்னார்கள். கடைசியில் பெருவிரல் வெண்கலத்தில் இடித்தது. இரண்டு கையாலும் புரொப்பெல்லரைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது அந்தத் துறையே சிரித்தது. எனக்கு அவர்கள் சிரிப்பது நிம்மதியாக இருந்தது. சிரிப்பதற்கு ஆட்கள் எல்லாரும் முழுசாகக் கரையில் நின்றார்கள்.

மனைவி சொல்லக் கதை முழுவதையும் சம்மாட்டியார் கேட்டார். சேற்றோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கடை வள்ளத்துக்கு மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறவர், மாஸ்டர். அணியத்திலை தெளிப்பார். எஞ்சினுக்கு மேலை தெளிப்பார். டீசல் டாங்கியின்ரை மூடியைத் திறந்து உள்ளுக்கை ஊத்தமாட்டார்."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நட்டு இருந்த இடத்தில் வெறுமையாக இருந்த தண்டை எட்டிப் பார்த்துக்கொண்டு, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

"இண்டைக்கு அங்கை வலை சிக்கேல்லை. சிக்கினால் வள்ளத்தைப் பின்னுக்கு எடுத்துத்தான் கழட்டுறனான்."

ஒற்றைச் செருப்போடு வீடு வந்த என்னைக் கண்டு மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சம்மாட்டியார் மச்சானுக்குப் போனில் சொல்லியிருப்பார்.

பொட்டை ஈரத் துணியால் ஊற வைத்து, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். மச்சான் ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்த திருகாணிகளைக் கொட்டிவிட்டு, அதை நன்றாகக் கழுவி, வெட்டி, தட்டின் மேல் கவிழ்த்துப் பூட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வனிலாப் படம் என் பக்கம் திரும்பி இருந்தது. மனைவி சாமி அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்து, டப்பாவின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை என் நெற்றியில் வைத்தாள்.

"உதுக்கு டப்பா போட ஏலாது. பொட்டெண்டாலும் இருக்கட்டும்."

புதுத் தண்டும் புது நட்டும் செய்து முடிந்த அன்று சம்மாட்டியாரோடு அவருடைய மனைவியும் வந்தார். அவர் எங்கள் பட்டறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. தட்டையோ கணினியையோ பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த தண்டுக்கு நேரே போய், நட்டை எடுத்து, நுனியில் வைத்து, இரண்டு விரலால் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். பிறகு தொடர்ந்து சுற்றினார். நட்டு தடங்கலில்லாமல் அடிவரை போய் நின்றது. அதைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

"சரி" என்று கணவரிடம் சொன்னார். "இனிப் போங்கோ."

என் நாக்கு நுனியில் ஒரு முழு வகுப்பே வந்து நின்றது. அது ஏன் இப்போது இறுகவில்லை என்பதற்கு எனக்கு நல்ல விளக்கம் தெரியும். சொல்லவில்லை.